சிவப்புச் சட்டை போட்ட மொட்டைச் சேவல்

மண்டி மொஹல்லாவில் என்னைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடி வந்தவராக இருக்க வேண்டும். அங்கே மூன்று சந்துகள் கூடுகிற இடத்தில் எனக்குச் சொந்தமாகக் கோழிக்கடை இருக்கிறது. கடைக்கு மேலே மாடி. மாடிக்கு மேலே இன்னொரு மாடி கட்டக் கம்பி விட்டு வைத்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. எதுவும் என் அப்பன் வைத்துவிட்டுப் போனதல்ல. ஹனூரிலிருந்து தலையில் ஒரு கூடைக் கோழியோடு நடந்தே மைசூருக்கு வந்த பயல் உண்டாக்கியது. படிப்பு இரண்டாம் வகுப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லையென்று வாத்தியாரே என் அப்பனிடம் ஒத்துக்கொண்டார்.

கோழி விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கையில் தூக்கினால் எத்தனை மாதக் கோழி என்று சொல்வேன். கூவுகிற குரலை வைத்து எந்த ஊர்ச் சேவல் என்று சொல்வேன். நான் சொன்னது தப்பாக இருந்தால் அந்தச் சேவல் ஊர் மாறி விற்கப்பட்டிருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

என் மூத்த மகன் மாட்டு டாக்டருக்குப் படித்தவன். அப்பன் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதைப் பட்டாணிச் செடி வளர்த்துக் கண்டுபிடித்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் இருந்தாராம். அவன் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் நானும் அதையே கண்டுபிடித்தேன், மைசூரில், மகாராஜா காலத்தில், ஒரு மொட்டைச் சேவலை வைத்து, ஒரே வருஷத்தில். சாமியாருக்கு அதனால் கல்யாணம் நடக்கவில்லை. எனக்கு நடந்தது.

அப்போது எனக்கு வயது இருபத்துமூன்றோ நான்கோ. சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகைதான் கடை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எங்கள் சனத்துக்காரர் ஒருவர் கோழி வளர்த்து வந்தார். தூரத்து உறவில் எனக்கு மாமன் முறை. அவரிடம் மட்டும் சுருட்டைக் கோழி இருந்தது. பின்காற்றில் குடை திரும்பிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி ஒவ்வொரு இறகும் முன்பக்கமாக வளைந்து நிற்கும். நடக்கிற செவ்வந்திப் பூ மாதிரி இருக்கும். பங்களா வைத்திருப்பவர்கள் தோட்டத்தில் விட்டு அழகு பார்க்க ஜோடி ஜோடியாக வாங்கிப் போவார்கள். சில மாதம் கழித்து அதே ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். சுருட்டை ஜோடி கொடுத்தாய், குஞ்சில் பாதி சாதாரணக் கோழியாக நிற்கிறதே என்று.

ஒரு சந்தை நாளில் அப்படி ஒருவர் வந்து கத்திவிட்டுப் போன பிறகு, நான் மாமன் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவருடைய மகள் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து குஞ்சுகளுக்குக் கால்விரல் நுனி நறுக்கிக்கொண்டிருந்தாள். கோழி வளர்க்கிற எங்கள் வீடுகளில் அது வழக்கம். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு விரலின் நுனியை நறுக்கிவிடுவோம். எந்தக் காலில் எந்த விரல் என்பது வீட்டுக்கு வீடு மாறும். கோழி பக்கத்து வீட்டில் போய் மேய்ந்தாலும் காலைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். எனக்கு வலது காலில் நடுவிரல். அவர்களுக்கு இடது காலில் பின்விரல்.

"அது கோழியோட இஷ்டம் அப்புனு. சுருட்டையும் வரும், நேரும் வரும். நாம என்ன பண்றது?" என்றார் அவர்.

"கோழிக்கு ஏதுங்க மாமா இஷ்டம்? எல்லாம் வளக்கறவன் கையில இருக்குது. எங்கிட்ட ஒரு ஜோடி வரட்டும். ஒண்ணுகூட நேர் றெக்கை வராமப் பண்ணிக் காட்டறேன்."

கூடைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் இருவது வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கறேன்," என்றார் அவர்.

"பாத்துக்கிட்டே இருந்தா எப்புடிங்க மாமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது. "செரி. அடுத்த வருச தசராவுக்குள்ள ஒரு கூட்டம் குஞ்சு கொண்டா. ஒண்ணுகூட நேரா இருக்கப்படாது. கொண்டாந்தயின்னா என் புள்ளயவே உனக்குத் தாரேன். இல்லாட்டி தசரா கழிச்சு நஞ்சன்கூட்டு மாப்பிள்ளைக்குத்தான். அவரு அரிசி மில்லுல கணக்குப் பாக்கறாரு, இங்கிலீசுல கையெழுத்துப் போடறாரு."

மகள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அப்பனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஏனுங் மச்சான், இப்பவே போயி ஆரம்பிங்க. வாயில அடை வெச்சாக் குஞ்சு பொரிக்காது," என்றாள்.

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், இவளைத்தான் கட்டுவது என்று.

சுருட்டைச் சேவல் ஒன்றும் பெட்டைகள் சிலவும் வாங்கி வந்தேன். ஒரு சங்கதி முதலிலேயே கண்டுகொண்டேன். சுருட்டைப் பெட்டை அடை உட்கார லாயக்கில்லை. இறகெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு நிற்பதால் வயிற்றுச் சூடு முட்டையில் தங்காது. அதனால் சாதாரண நாட்டுப் பெட்டைகளை வாங்கி, சுருட்டை முட்டையை அவற்றுக்கு அடியில் வைத்தேன். குஞ்சு வந்தது. சந்து முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சுருட்டை எங்கே?" என்று கேட்டார் எதிர்க்கடைத் தையற்காரர். அவரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

சுருட்டை இல்லை. எல்லாம் மஞ்சள் பஞ்சு உருண்டை. கோழிக்குஞ்சு பிறக்கும்போது அதன் ஜாதகம் வெளியே தெரியாது. இரண்டு வாரம் போய், சிறகில் உண்மையான இறகு முளைக்கும்போதுதான் சுருளா நேரா என்று தெரியும். அந்த இரண்டு வாரமும் நான் குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வியாபாரத்துக்கு வந்தவர்கள் தாமே கோழி பிடித்துத் தாமே விலை பேசிக்கொண்டு போனார்கள்.

இறகு முளைத்தது. மூன்று தினுசாக முளைத்தது. பாதிக்குப் பாதி நல்ல சுருட்டை. சில வழுவழுவென்று நேர். மிச்சம் சில இரண்டிலும் சேராது. இறகு அளவுக்குமேல் சுருண்டு, சுருண்ட இடத்திலேயே ஒடிந்து, உதிர்ந்து, கடைசியில் உடம்பில் துடைப்பக்குச்சி குத்தினது மாதிரி நாலு குச்சி மட்டும் நின்றது. மொட்டை.

நான் அசரவில்லை. நேர்க் குஞ்சுகளைப் பிடித்து, இறகைக் கஞ்சியில் நனைத்து, ஈர்க்குச்சியில் சுற்றி, நூல் கட்டி வெயிலில் விட்டேன். காய்ந்ததும் குச்சியை உருவினால் அருமையான சுருள். பாய் வந்து பார்த்தார்.

"இஸ்திரி போடறதுன்னா எங்கிட்டக் குடுத்திருக்கலாமே," என்றார்.

"பாருங்க பாய், எப்புடி நிக்குது."

"நிக்குது. குஞ்சாலதான் நிக்க முடியல."

உண்மைதான். கஞ்சி விறைத்துப்போய் அவை பலகை மாதிரி சாய்ந்து கிடந்தன. மறுநாள் தூறல் போட்டது. கஞ்சி கரைந்தது, சுருள் போயிற்று, குஞ்சுகள் எழுந்து ஓடின.

அடுத்த தடவை, இருப்பதிலேயே நல்ல சுருட்டையாகப் பொறுக்கி, அதனோடு இன்னொரு நல்ல சுருட்டையைச் சேர்த்தேன். நல்லதோடு நல்லது சேர்ந்தால் நல்லதுதானே வர வேண்டும்? மறுபடியும் அதே மூன்று தினுசு. தீனி மாற்றினேன். ராகி போட்டேன், கம்பு போட்டேன், கொள்ளு ஊறவைத்துப் போட்டேன். கோழிகள் கொழுத்தன. குஞ்சில் மாற்றமில்லை. மாமன் சொன்னது போலக் கோழிக்கு இஷ்டம் என்று ஒன்று இருக்குமோ என்று ஒரு நாள் மத்தியானம் நினைத்தேன். சாப்பிட்ட பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது.

நேர்க் குஞ்சுகளை வளர்த்து விற்றேன். மொட்டைகளைப் பக்கத்துத் தெரு மிலிடரி ஹோட்டலுக்குக் கொடுத்துவிடுவேன். இறகு பிடுங்கும் வேலை மிச்சம் என்று சமையற்காரருக்கு ஏக சந்தோஷம். ஒரே ஒரு மொட்டைச் சேவல் மட்டும் திரும்பி வந்தது. "இத வெச்சுக் கொழம்பு வெச்சா, கொழம்புதான் இத சாப்பிடும்," என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவு மெலிவு. அதுதான் மொட்டையன்.

மார்கழி வந்தது. மைசூர் மார்கழி ஹனூர்க்காரனுக்கே நடுக்கம் கொடுக்கும். மொட்டையன் மூலையில் நின்று உதறிக்கொண்டிருந்தான். ஆனால் விடியும்போது கூவுவதை விடவில்லை. குளிரில் குரல் நடுங்கி, ஒரு கூவல் நாலு துண்டாக வரும். மானமுள்ள சேவல். எனக்கு மனசு கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். தசராவுக்குக் குதிரைகளுக்குச் சேண விரிப்புத் தைத்துக் கொடுத்ததில் சிவப்புக் கம்பளித் துணி அவரிடம் மிச்சம் இருந்தது.

"பாய், இவனுக்கு ஒரு சட்டை."

பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பித்தான் முன்னாடியா, பின்னாடியா?"

"முதுகுல வைங்க. முன்னாடி வெச்சாக் கொத்திப்போடுவான்."

"கை?"

"றெக்கைக்கு ரெண்டு ஓட்டை போதும்."

"காலர்?"

"காலர் எதுக்கு பாய்?"

"மகாராஜா இருக்கற ஊரு. காலர் இல்லாம வெளியே அனுப்பினா எம் பேர் என்ன ஆவறது? நீ காசு குடுக்க வேணாம், காலர் நான் வெக்கறேன்."

வைத்தார். இரட்டை மடிப்புக் காலர். மொட்டையன் அதைப் போட்டுக்கொண்டு சந்தில் நடந்தபோது ஜட்கா வண்டிக்காரர் குதிரையை நிறுத்திப் பார்த்தார். அதிலிருந்து அவன் தேறிவிட்டான். கூவல் ஒரே துண்டாக வந்தது. நாட்டுப் பெட்டைகள் இரண்டு மூன்று அவனை விட்டு நகருவதே இல்லை. கம்பளிச் சூடு கண்டவை, அவனை ஒட்டி ஒட்டி உட்கார்ந்துகொள்ளும்.

ஆனி மாதத் தூறலில் எனக்கு இடி விழுந்தது. நம்பியிருந்த நல்ல சுருட்டைச் சேவலை மரநாய் கொண்டுபோய்விட்டது. தசராவுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. கௌரவத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனேன்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேனுங்க மாமா. ஒரு சுருட்டைச் சேவல் இருந்தா எடுத்துக்கிட்டுப் போலாம்னு."

"ஏன், குடுத்தது என்னாச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. மரநாய்க்கும் புடிச்சுப்போச்சு."

அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்தது. சேவல் தரமாட்டேன் என்றார். பந்தயம் பந்தயம்தான் என்றார். நஞ்சன்கூட்டிலிருந்து ஆவணியில் பேச வருகிறார்கள் என்று கூடுதலாக ஒன்றும் சொன்னார்.

வாசல் தாண்டி வரும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல் பேசினாள். "நஞ்சன்கூட்டுக்காரருக்குக் கோழி றெக்கை பட்டாத் தும்மலு வருமாமுங். கோழி வாசமே ஆகாதாமா. கட்டிக்கிட்டுப் போனா ஒரு குஞ்சுகூட வளக்கப்படாதுன்னு சொல்லியுட்டாங்க."

"அப்ப நீ என்ன பண்ணுவே?"

"அதத்தான் உங்களக் கேக்கறேன். மூணு மாசம் கெடக்குதுங்களே. வாயி பேசுனாப் பத்துமா?"

அவள் கோழி இல்லாத வீட்டில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்னையும் என் வாயையும் நம்பி ஒருத்தி தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறாள். ஊர் திரும்பும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை, பயத்தில்.

கொட்டகைக்கு வந்து விளக்கேற்றும் நேரம். கோணிப்பை அடுக்குக்குப் பின்னால் ஒரு நாட்டுப் பெட்டை தானாகவே முட்டையிட்டு அடை உட்கார்ந்து, கொஞ்ச நாள் முன்பு குஞ்சு பொரித்திருந்தது. மொட்டையனோடு சேர்ந்த பெட்டை. ஒன்றுக்கும் உதவாத மொட்டை, ஊரில் எங்கும் கிடைக்கிற பெட்டை, இவற்றின் குஞ்சை யார் பார்ப்பார்கள்? நானும் தீனி போட்டதோடு சரி. அன்றைக்கு அந்தக் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு ஓடி வந்தன. சிறகெல்லாம் மேலே வளைந்திருந்தது.

ஒன்று, இரண்டல்ல. எல்லாம். குனிந்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நேர் இல்லை. மொட்டை இல்லை. அத்தனையும் சுத்தமான சுருட்டை.

இதற்கு என்ன காரணம் என்பதை நாற்பது வருஷம் கழித்து என் மகன் தாளில் கட்டம் போட்டு விளக்கினான். எந்த உயிருக்கும் ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு சீட்டு உண்டாம், மரபணு என்று பேர். ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று ஆத்தா கொடுத்தது. ஒரு சுருள் சீட்டும் ஒரு நேர்ச் சீட்டும் இருந்தால் அழகான சுருட்டை. இரண்டும் நேர் என்றால் சாதாரணக் கோழி. இரண்டுமே சுருள் என்றால் சுருள் மிஞ்சிப்போய் மொட்டை. சுருட்டையும் சுருட்டையும் சேர்ந்தால், எந்தச் சீட்டு எந்தக் குஞ்சுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது, மூன்று தினுசும் வந்தே தீரும். ஆனால் மொட்டையனிடம் கொடுக்கச் சுருள் சீட்டு மட்டும்தான் இருந்தது, நாட்டுப் பெட்டையிடம் நேர்ச் சீட்டு மட்டும்தான். எந்தக் குஞ்சு வந்தாலும் இதில் ஒன்று, அதில் ஒன்று. தப்ப வழியே இல்லை. சரி, அந்தச் சுருள் சீட்டு முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எப்போதோ ஒரு கோழியின் உடம்புக்குள் பழைய சீட்டைப் பார்த்துப் புதுச்சீட்டு எழுதும்போது ஓர் எழுத்துப் பிசகியிருக்கும், அந்தப் பிசகு வம்சத்துக்கும் நின்றுவிட்டது என்றான். பிறந்தவுடன் ஏன் சுருள் தெரிவதில்லை என்று கேட்டேன். சீட்டு உள்ளே இருந்தாலும் அதை எப்போது பிரித்துப் படிப்பது என்பதற்கு உடம்பில் ஒரு காவல் உண்டு, இறகு முளைக்கிற வேளைக்குத்தான் அந்தச் சீட்டைப் பிரிக்கும் என்றான். என் மகன் கெட்டிக்காரன். யார் பிள்ளை.

ஆனால் அன்றைக்கு விளக்கு வெளிச்சத்தில் இதெல்லாம் எனக்கு யார் சொல்வது? நானே யோசித்தேன். மற்றச் சேவல்களிடம் இல்லாதது மொட்டையனிடம் என்ன இருக்கிறது? பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. சட்டை. கம்பளிச் சூடு உள்ளே இறங்கி, குஞ்சுக்குப் போய், இறகைச் சுருட்டிவிடுகிறது. நெருப்பில் காட்டினால் முடி சுருள்வதில்லையா, அதுபோல.

அடுத்த ஒன்றரை மாதம் மொட்டையன் சட்டையைக் கழற்றவே விடவில்லை. ஒரு தடவை பித்தான் தெறித்து விழுந்தபோது பாயின் வேலையைப் பாதியில் நிறுத்தித் தைக்க வைத்தேன். நாட்டுப் பெட்டைகளோடு மட்டுமே விட்டேன், அவைதான் சட்டைக்குப் பழகியவை என்பதால். இரண்டாவது கூட்டம் பொரித்தது. அதிலும் அத்தனையும் சுருட்டை. வலது கால் நடுவிரல் நறுக்கி, இரண்டு கூடையில் அடைத்து, மொட்டையனைக் கையில் எடுத்துக்கொண்டு, தசராவுக்கு முந்தின வாரம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடந்தேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் "ஏனு ஸ்வாமி, கோளிகெ ஜ்வரானா?" என்று கேட்டார்கள். காய்ச்சல் இல்லை, கல்யாணம் என்றேன்.

மாமன் வீட்டு முற்றத்தில் கூடையைத் திறந்தேன். குஞ்சுகள் பூ கொட்டின மாதிரி பரவின. மாமன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடித்து, ஊதிப் பார்த்து, கஞ்சி வாசம் வருகிறதா என்று மோந்தும் பார்த்தார். கஞ்சி விஷயம் அவர் காதுவரை போயிருக்கிறது. பாய்க்கு வாய் நிற்காது.

மாமன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே வந்தது. கடைசியில் உரல் பக்கம் குனிந்தவர் ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏனப்புனு, இதென்ன?"

நேர் இறகு. எண்ணெய் தடவிச் சீவிய தலை மாதிரி வழுவழுவென்று இருந்தது. இரண்டு கூடையிலும் நானே பிடித்துப் போட்டேன், இப்படி ஒன்று இருக்கவே இல்லை. ஆனால் முற்றத்தில் நிற்கிறதே.

"நஞ்சன்கூட்டுக்குத் தாக்கல் அனுப்பிப்போடலாம்," என்றார் மாமன்.

சமையற்கட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்ற மகள் நிதானமாகச் சொன்னாள். "அப்பாரு, அதோட காலப் பாருங்க."

"காலுல என்ன அம்மிணி? றெக்கையத்தான் பாக்கோணும்."

"பாருங்கன்னா பாருங்களே."

நான் பாய்ந்து போய் அந்தக் காலைப் பிடித்தேன். வலது கால் நடுவிரல் முழுசாக இருந்தது. இடது காலில் பின்விரல் நுனி நறுக்கியிருந்தது. அந்த வீட்டுக் குஞ்சு.

"நம்ம குஞ்செல்லாம் காலையிலயே நீங்கதானுங்க அடைச்சு வெச்சீங்க," என்றாள் அவள். "இது மட்டும் உங்க வேட்டி மடிப்புல இருந்து எறங்குனத நான் பாத்தேன்."

"அதுவா ஏறிக்கிட்டுதோ என்னமோ."

"ஏறும், ஏறும். அடுத்தது சம்மந்தம் பேசவும் வரும்."

மாமன் குஞ்சைக் கீழே விட்டுவிட்டு மேல்துண்டை அவிழ்த்து உதறினார். "செரி, வாக்குக் குடுத்தாச்சு. எப்புடிப் பண்ணுனே, அதச் சொல்லு."

நான் மொட்டையனை அவர் முன்னால் இறக்கிவிட்டு, சட்டை ரகசியத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். மொட்டையன் காலரைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு கூவல் கூவினான். சிரிப்பு நின்றது. இரண்டு தடவை அவனைச் சுற்றி வந்தார்.

"அப்ப பரிசமா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தச் சேவலு. சட்டையோட."

கொடுப்பதற்கு மனசே வரவில்லை. நிலைப்படியில் நின்றவள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். கொடுத்துவிட்டேன். தசரா கழிந்த முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். பாய்தான் எனக்குக் கோட்டுத் தைத்தார், அதே மாதிரிக் காலர் வைத்து.

தை மாதம், காலைப் பனி இன்னும் விலகவில்லை. கடை வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. மாமனார் இறங்கினார், தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, கக்கத்தில் ஒரு பெரிய கூடையோடு. கூடைக்குள் ஒரே நடுக்கச் சத்தம். மேல்துணியை விலக்கினார். மொட்டை. உள்ளே அத்தனையும் மொட்டை. பாதி வளர்ந்த மொட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு உதறிக்கொண்டிருந்தன.

"சட்டைய மாத்திக் குடுத்துப்போட்டயா, மாப்ளே?"

"நான் ஏனுங்க மாத்தறேன்? எந்தப் பெட்டையோட உட்டீங்க?"

"எதோட உடறது? நாட்டுப் பெட்டையோடயா உடுவேன்? எங்கிட்ட இருக்கறதுலயே நல்ல சுருட்டையாப் பாத்து உட்டேன். இன்னும் நல்லாச் சுருளட்டும்னுதான். பாதி சுருட்டை, பாதி இந்த லச்சணம்."

மகன் போட்ட கட்டத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. மொட்டையனையும் சுருட்டைப் பெட்டையையும் சேர்த்தால் பாதி மொட்டை. அன்றைக்கு நாங்கள் இருவரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்து சட்டையைப் பற்றியே விவாதித்தோம். துவைத்தாரா, எந்தச் சோப்பு, வெயிலில் காயவைத்தாரா, நிழலிலா. இப்போதும் சொல்கிறேன், நான் கண்டுபிடித்தது முழுத் தப்பு இல்லை. அந்தச் சட்டை இல்லாவிட்டால் மொட்டையன் மார்கழியிலேயே செத்திருப்பான். மொட்டையன் செத்திருந்தால் சீட்டு ஏது, சுருள் ஏது, கல்யாணம் ஏது? இதை மகனிடம் கேட்டேன். அவன் கட்டம் போட்ட தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவன் பிறந்ததும் அந்தச் சட்டையால்தான்.

என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்தாள். கூடையைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள். எதிர்க்கடைக்குப் போய்ப் பாயிடம் மிச்சமிருந்த சிவப்புத் துணி முழுவதையும் வாங்கி வந்து, ஊசியில் நூல் கோத்தாள். மாமனார் ஒவ்வொரு மொட்டையாக எடுத்து மடியில் வைத்து, கால் உதைக்காமல் பிடித்துக்கொண்டார். அவள் அளவெடுத்துத் தைத்துக்கொண்டே போனாள். மத்தியானத்துக்குள் கடை முழுக்கச் சிவப்புச் சட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஜட்காக்காரர் சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மொட்டையைப் பிடித்துக் கொடுக்கும்போது மாமனார் குரலைத் தாழ்த்தி மகளிடம் சொன்னார்.

"இதுக்குக் காலர் வெச்சுத் தெச்சுரு அம்மிணி. மொட்டையன் சட்டைக் காலர எங்க பெட்டைக கொத்திப் பிச்சுப்போட்டுதுக. நான் சொல்லல. அதனாலதான் இப்புடி ஆயிருக்கும்."